எட்டாத இடத்தில் ஒரு பைபாஸ் ஹோஸ்: டாட்ஜ் ராம் பிக்கப்பில் இரண்டு சனிக்கிழமை வேலை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்து வண்டியை வாசலில் நிறுத்தினேன். கதவைத் திறந்ததும் பாகு காய்ச்சுகிற மாதிரி ஒரு இனிப்பு வாசனை. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சூடான இரும்பில் பட்டால் வரும் வாசனை அது. ஒருமுறை மூக்குக்குப் பழகிவிட்டால் பிறகு மறக்காது. குனிந்து பார்த்தேன். முன் சக்கரங்களுக்கு நடுவே தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். மேலே இன்னொரு சொட்டு விழுவதற்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

முதல் வேலையாகக் கராஜிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் பூனை மணலை (பூனையின் கழிவுத் தட்டில் போடுவது) எடுத்து வந்து அந்த ஈரத்தின் மேல் கொட்டினேன். கூலன்ட்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். அது இனிக்கும், அதனால் நாயும் பூனையும் நக்கிவிடும். உடம்புக்குள் போனதும் ஆக்ஸாலிக் அமிலமாக மாறி, கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகி, சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். ஒரு பூனைக்கு ஒரு டீஸ்பூனே அதிகம். எங்கள் தெருவில் யாருக்கும் சொந்தமில்லாத இரண்டு பூனைகள் எல்லார் வாசலிலும் படுத்துத் தூங்கும். வண்டியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், தரையை உடனே துடைத்துவிட வேண்டும். இந்த வேலையில் இறங்குகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்.

வண்டி 1999-ஆம் வருடத்து டாட்ஜ் ராம் 1500. 5.9 லிட்டர் மேக்னம் வி-8 எஞ்சின். ஹூஸ்டனுக்கு மேற்கே நாங்கள் குடிவந்த புதிதில், தோட்டத்துக்கு மண்ணும் எருவும் ஏற்றிவர வாங்கியது. முருங்கை, அவரை, புடலை என்று பின்பக்கம் காடு மாதிரி வளர்த்து வைத்திருக்கிறோம். அதற்கு வருடத்தில் ஏழெட்டு நடை எரு வேண்டும். அந்த வண்டி இல்லாவிட்டால் இந்தத் தோட்டம் இல்லை. அதனால் அதன்மேல் எனக்குப் பாசம் உண்டு.

மறுநாள் காலையில் எஞ்சின் ஆறியிருந்தபோது பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். எஞ்சினின் முன்பக்க மூடியான டைமிங் கவர் மேலெல்லாம் ஈரம், கூலன்ட்டைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்ப்பைச் சுற்றிப் பழுப்பாகக் கறை. பம்ப்தான் போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு எல்லா முகாந்திரமும் இருந்தது. பம்ப்புக்குள் சீல் தேய்ந்துபோனால் அடியில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் கசியும். அந்த ஓட்டையை வைத்திருப்பதே அதற்காகத்தான். ஆனால் என் பம்ப்பில் ஓட்டைக்கு மேல்பக்கமும் ஈரமாக இருந்தது. தண்ணீர் மேல்நோக்கி ஏறாது. காற்றாடி சுழலும்போது தெறித்துப் பின்னால் போகும், கீழே வழியும், அவ்வளவுதான். மேலே ஈரம் இருந்தால் மூலம் அதற்கும் மேலேதான் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஊகத்தை நம்பாமல் பிரஷர் டெஸ்டர் வாங்கி வந்தேன். ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் அதை மாட்டி, சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரி கையால் அடிக்க வேண்டும். இங்கே உதிரிபாகக் கடைகளில் முன்பணம் கட்டினால் வீட்டுக்குத் தருவார்கள், திருப்பிக் கொடுத்ததும் பணம் முழுவதும் வந்துவிடும். அழுத்தம் 15 பி.எஸ்.ஐ. வரும் வரை அடித்துவிட்டுக் காத்திருந்தேன். எஞ்சின் ஓடவில்லை, காற்றாடி சுழலவில்லை, சூடு இல்லை. அதனால் சொட்டு எங்கே பிறக்கிறதோ அங்கேயே நிற்கும். பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரி ஒரு சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் வைத்துத் தேடினேன். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ஏ.சி. கம்ப்ரசர் மாட்டியிருக்கும் பெரிய பிராக்கெட்டுக்கு அடியில், கைக்குள் அடங்குகிற ஒரு குட்டி ரப்பர்த் துண்டு. அதன் கீழ்க் கிளிப்பை ஒட்டி வரிசையாக முத்து முத்தாக நீர்.

அதுதான் பைபாஸ் ஹோஸ். வாட்டர் பம்ப்பின் மேல் குழாயையும், எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டின் முன்பக்கத்துக் குழாயையும் இணைக்கிறது. அது எதற்கு என்று தெரிந்துகொண்டால்தான் அதன்மேல் மரியாதை வரும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட் மூடியே இருக்கும், ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாது. ஆனால் பம்ப் சுழன்றுகொண்டே இருக்கிறது. போக வழி இல்லாவிட்டால் சிலிண்டர் ஹெட்டைச் சுற்றி நிற்கிற தண்ணீர் ஒரே இடத்தில் கொதித்துவிடும். கிளறாமல் அடுப்பில் விட்ட பால் அடிப்பிடிக்கிற மாதிரி. அந்த நேரத்தில் தண்ணீரைச் சுற்றிவிட்டுக் கொண்டிருப்பது இந்த ஹோஸ்தான். எஞ்சின் முழுக்க ஒரே சீராகச் சூடாகும், தெர்மோஸ்டாட்டுக்கும் சரியான சூடு தெரியும், சரியான நேரத்தில் திறக்கும். பம்ப்புக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய பொருள் என்பதால் அது அங்கேதான் இருக்க முடியும். ஏ.சி. இல்லாத வண்டியில் கை நீட்டினால் எட்டும். ஏ.சி. உள்ள வண்டியில் கம்ப்ரசரும், வண்டிக்கு மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரும் ஒரே பிராக்கெட்டில் அதன் தலைக்கு மேல் உட்கார்ந்திருக்கும்.

ஹோஸின் விலை இரண்டு காபிக்கு ஆகிற காசு. அதை எட்டுவதற்கு ஆகிற உழைப்புதான் இந்த வேலை.

முதல் சனிக்கிழமை நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பிராக்கெட்டைக் கழற்றாமலே வேலையை முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மேலிருந்து ஒரு கை, பக்கவாட்டில் ஒரு கை, கிளிப்பைப் பிடிக்க வளைந்த மூக்கு பிளேயர். கிளிப்பைத் தளர்த்த அழுத்த வேண்டிய காதுகள் இரண்டும் எஞ்சின் பக்கம் திரும்பியிருந்தன. பிளேயரின் வாய் ஒரு காதைப் பிடிக்கும்போது மற்றொன்று நழுவும். இரண்டு மணி நேரம் போனது. முழங்கையில் தோல் உரிந்தது. மேல் கிளிப்பை எப்படியோ அரை அங்குலம் நகர்த்தினேன், கீழ்க் கிளிப் அசையவே இல்லை. அப்போதுதான் யோசித்தேன்: இப்படியே இழுத்துப் பழைய ஹோஸை எடுத்துவிட்டாலும், புதியதை இந்தச் சந்துக்குள் நேராக உட்கார வைக்க முடியுமா? கிளிப் சரியான இடத்தில் உட்கார்ந்ததா என்று கண்ணால் பார்க்காமல் எஞ்சினை எப்படி நம்பி ஓட்டுவது? கருவிகளைத் துடைத்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அந்த வாரம் இரவுகளில் சர்வீஸ் மேனுவலைப் படித்தேன். என் மனத்தில் இருந்த பெரிய பயம் ஏ.சி. வாயு. கம்ப்ரசரைக் கழற்றினால் ஆர்-134ஏ முழுவதையும் வெளியேற்ற வேண்டியிருக்கும், அதைக் காற்றில் திறந்துவிடுவது இங்கே சட்டப்படி குற்றம், அதற்கான எந்திரம் என்னிடம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மேனுவல் தெளிவாகச் சொல்கிறது: கம்ப்ரசரைப் பிராக்கெட்டிலிருந்து பிரிக்க வேண்டாம், ஆல்டர்னேட்டரையும் பிரிக்க வேண்டாம், வாயுக் குழாய்களைத் தொடவே வேண்டாம். பிராக்கெட்டை அப்படியே மொத்தமாகத் தூக்கி, ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து நிறுத்தினால் போதும். இந்த ஒரு பத்தியைப் படித்ததும் வேலை பாதி முடிந்துவிட்ட மாதிரி இருந்தது.

இரண்டாவது சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே ஆரம்பித்தேன். ஹூஸ்டன் ஜூலையில் பத்து மணிக்கு மேல் பானெட்டுக்குக் கீழே நிற்க முடியாது. துணைக்கு என் மகள். பதின்மூன்று வயது, கை சின்னது, பொறுமை என்னைவிட அதிகம். டார்ச் பிடிக்க மட்டும்தான் கூப்பிட்டேன்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் எடுத்துவிட்டேன். ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் தடித்த வயருக்கு நேராகப் பேட்டரியிலிருந்து மின்சாரம் வருகிறது. ஸ்பேனர் அதில் பட்டு, மறுமுனை இரும்பில் பட்டால் தீப்பொறி பறக்கும். அப்புறம் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, அடியில் இருக்கும் வடிகுழாயைத் தளர்த்தினேன். ஹோஸ் எஞ்சினின் மேல்பகுதியில் இருப்பதால் எட்டு லிட்டர் இறக்கினாலே போதும். ஆனால் வடிந்து வந்த தண்ணீர் டீத்தண்ணி நிறத்தில் இருந்தது, அடியில் துரு வண்டல். இந்த அழுக்கைத் திரும்ப உள்ளே ஊற்ற மனம் வரவில்லை. முழுவதையும் இறக்கிவிட்டேன். பிடித்த தண்ணீரை மூடி போட்ட கேனில் ஊற்றி, ஆபத்தான வீட்டுக் கழிவுகளை வாங்கிக்கொள்ளும் இடத்துக்குக் கொண்டுபோக எடுத்து வைத்தேன். தெருவோரச் சாக்கடையில் ஊற்றினால் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேராக ஓடைக்குத்தான் போய்ச் சேரும்.

பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால் மகள் நாலு கோணத்தில் போட்டோ எடுத்தாள். இது விளையாட்டில்லை. ஒரே நீளப் பெல்ட்தான் எல்லாவற்றையும் சுற்றிப் போகிறது. அதை ஒரு புல்லியில் தப்பான பக்கமாகச் சுற்றிவிட்டால் வாட்டர் பம்ப் எதிர்த்திசையில் சுழலும், எஞ்சின் சூடேறிவிடும், ஏன் என்றே புரியாது. பெல்ட்டை இறுக்கி வைத்திருக்கும் டென்ஷனரைத் திருப்பிப் பிடித்துப் பெல்ட்டை உருவினேன். பிறகு எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடிக்குப் போகும் கேபிள்களை விலக்கி ஓரமாகக் கட்டினேன். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் குழாயைப் பிராக்கெட்டோடு பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றினேன். அதற்கடுத்து, வண்டிக்குள் சூடு தரும் ஹீட்டரிலிருந்து கூலன்ட் திரும்பி வரும் இரும்புக் குழாய். அது வாட்டர் பம்ப்புக்குள் நேராகச் செருகி, ஓ-ரிங் என்கிற ஒரு ரப்பர் வளையத்தால் மட்டும் அடைத்து நிற்கிறது. போல்ட்டை எடுத்துவிட்டு ஆட்டி ஆட்டி இழுத்தால் வந்துவிடும். வந்தது. இந்த ஓ-ரிங்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பிராக்கெட் போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லை. ஒரு அட்டைப் பெட்டியின் மூடியில் பிராக்கெட்டின் படத்தை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அது இருந்த இடத்திலேயே குத்தி வைத்தோம். மேனிஃபோல்ட் அலுமினியம், நீளமான போல்ட்டைக் குட்டைத் துளையில் போட்டு முறுக்கினால் மரை போய்விடும், அப்புறம் அழுது பயனில்லை. கடைசிப் போல்ட்டை எடுக்கும்போது மொத்த எடையும் கையில் இறங்கும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும். ஒரு கையால் கம்ப்ரசர் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மேலே தூக்கினேன். வாயுக் குழாய்களின் ரப்பர் பகுதி எவ்வளவு வளையுமோ அவ்வளவுதான் நகர்த்தலாம், மடங்கிவிடக் கூடாது.

"கட்டையை வை கண்ணு."

"எந்தப் பக்கம்ப்பா? இங்கேயா?"

"இன்னும் கொஞ்சம் உள்ளே. ஆங், அங்கேதான்."

கட்டையின் மேல் பிராக்கெட் உட்கார்ந்தது. டார்ச் வெளிச்சத்தில், ஒரு வாரமாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தும் கண்ணால் பார்க்காத அந்த ஹோஸ் வெட்டவெளியில் நின்றது. போன வாரம் இரண்டு மணி நேரம் அசையாத கீழ்க் கிளிப்பைப் பத்து விநாடியில் பிளேயர் பிடித்தது. இரண்டு கிளிப்பையும் ஹோஸின் நடுவுக்குத் தள்ளினேன்.

ஹோஸ் மட்டும் குழாயோடு ஒட்டிப்போயிருந்தது. இங்கே ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பக் கூடாது. குழாயில் ஒரு கீறல் விழுந்தால் போதும், புதிய ஹோஸும் அந்த வழியாகக் கசியும். பிளேடால் நீளவாக்கில் மெதுவாக, ரப்பரின் முக்கால் ஆழம் வரை மட்டும் கீறினேன். மீதியைக் கையால் பிளந்தேன். வாழைத்தண்டின் பட்டையை உரிக்கிற மாதிரி கழன்று வந்தது.

அதை மேசையில் வைத்து நன்றாகப் பார்த்தோம். எனக்கு இந்த வேலையிலேயே ரொம்பப் பிடித்த நேரம் இதுதான். வெளிப்பக்கம் கறுப்பாக, வழுவழுப்பாக, இன்னும் ஐந்து வருடம் தாங்கும் என்று சொல்லலாம் போல் இருந்தது. உள்பக்கத்தைத் திருப்பினால் கிளிப் இருந்த இடத்திலிருந்து ஒரு அங்குலத்துக்கு நீளவாக்கில் வெடிப்புகள். அவற்றில் ஒன்று துணி இழை வரைக்கும் போயிருந்தது. கூலன்ட் ஹோஸ்கள் பெரும்பாலும் இப்படித்தான் கெடுகின்றன, உள்ளே இருந்து, நுனிப் பக்கமாக. எஞ்சினின் உலோகம் ஒரு பக்கம், ரப்பர் ஒரு பக்கம், நடுவில் உப்புகள் கலந்த கூலன்ட்; மூன்றும் சேர்ந்து சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்கின்றன. அந்த மின் வேதிவினை ரப்பரின் உள்சுவரில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்குகிறது. கூலன்ட் அதற்குள் புகுந்து இழையைத் தின்கிறது. அதனால் வெளியே பார்த்து ஹோஸை எடைபோட முடியாது. எஞ்சின் ஆறியிருக்கும்போது கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் முதலில் நடுப்பகுதியை அழுத்துங்கள், பிறகு கிளிப்பை ஒட்டிய நுனியை அழுத்துங்கள். நுனி மட்டும் கொழகொழவென்று இருந்தாலோ, உள்ளே பள்ளம் தட்டுப்பட்டாலோ மாற்றிவிட வேண்டியதுதான். என் ஹோஸ் எத்தனை வருடம் இருந்தது என்று தெரியாது, ஆனால் அதன் ஆயுளை முழுவதுமாக வாழ்ந்துவிட்டது.

குழாய்களின் வாயில் வெள்ளையாகப் பொரிந்திருந்ததைப் பழைய பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்துச் சுத்தம் செய்தேன். உப்புத்தாள் போட்டால் அலுமினியத்தைத் தின்றுவிடும் என்று பயம், அதனால் நாரோடு நிறுத்திக்கொண்டேன். தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கும் கூடும் பக்கத்திலேயே கைக்கு எட்டும்படி இருந்தது. இதே பிராக்கெட்டை இன்னொரு முறை தூக்க யாருக்கும் ஆசை இருக்காது, அதனால் தெர்மோஸ்டாட்டையும் அதன் பேக்கிங்கையும் மாற்றிவிட்டேன். 195 டிகிரி ஃபாரன்ஹீட்டில் திறக்கிற அதே அளவு, அதாவது சுமார் 90 டிகிரி செல்சியஸ். வெயில் ஊராயிற்றே என்று குறைந்த சூட்டில் திறப்பதைப் போடச் சொல்வார்கள். நான் போட மாட்டேன். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் அந்தச் சூட்டை எதிர்பார்த்துத்தான் பெட்ரோல் அளவைக் கணக்குப் போடுகிறது.

கிளிப் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கடையில் ஸ்க்ரூ வைத்த கிளிப்பைத்தான் முதலில் நீட்டுவார்கள். கை எட்டுகிற இடத்தில் அது பரவாயில்லை, தளர்ந்தால் அரைச் சுற்று முறுக்கிவிடலாம். இந்த இடத்தில் அது ஆகாது. ரப்பர் ஒவ்வொரு முறையும் சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கி, காலப்போக்கில் கொஞ்சம் அமுங்கிவிடும். ஸ்க்ரூ கிளிப் முறுக்கிய அளவிலேயே நிற்கும், ஸ்பிரிங் கிளிப் ரப்பரோடு கூடவே இறுகும். பிராக்கெட்டுக்குக் கீழே யார் போய் முறுக்குவது? பழைய கிளிப்பின் நாக்கில் அதன் அளவு எண் அடித்திருக்கும். அதே எண்ணில் இரண்டு புதிய ஸ்பிரிங் கிளிப் வாங்கினேன். இந்த முறை காதுகள் இரண்டையும் முன்பக்கம் பார்த்து வைத்தேன். அடுத்து இதைக் கழற்றப்போகிறவர் யாராக இருந்தாலும் பிளேயர் நேராகப் போகும்.

புதிய ஹோஸும் இந்த எஞ்சினுக்கென்று வார்த்ததாக இருக்க வேண்டும். நீளமான ஹீட்டர் ஹோஸில் ஒரு துண்டு வெட்டி வளைத்துப் போட்டால் நடுவில் மடிந்து தண்ணீர் ஓட்டத்தை மறிக்கும். போடுவதற்கு முன்னால் பத்து நிமிடம் வெந்நீரில் ஊறவைத்தேன், ரப்பர் இளகியது. வழுக்குவதற்கு எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது. இந்த ரப்பர் ஈ.பி.டி.எம். வகை, பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிக் கெட்டுவிடும். கொஞ்சம் கூலன்ட்டைத் தடவினாலே போதும். கிளிப் இரண்டையும் முதலிலேயே நடுவில் கோத்துவிட்டு, பம்ப் பக்கத்தை அடிவரை அழுத்தினேன். மேல் நுனியை மேனிஃபோல்ட் குழாயில் ஏற்றும்போது என் விரல்கள் தடித்துப்போய் நின்றன. மகள் இரண்டு விரலை உள்ளே விட்டு ரப்பரின் உதட்டைக் குழாயின் விளிம்புக்கு மேல் தூக்கிவிட்டாள். நான் மேலிருந்து அழுத்தினேன். ஒரு வழுக்கலோடு ஏறி உட்கார்ந்தது. கிளிப்புகளைக் குழாயின் மேட்டுக்கு உள்பக்கமாக நகர்த்திவிட்டோம்.

இனி ஓ-ரிங். ஹீட்டர் குழாயின் நுனியில் புதிய ஓ-ரிங்கை மாட்டி, கூலன்ட் தடவி, பம்ப்பில் செருகினேன். பிராக்கெட்டை இறக்கி, வரைந்து வைத்த அட்டையைப் பார்த்துப் போல்ட்டுகளை முதலில் விரலாலேயே பாதி வரை ஓட்டினேன். பிறகு முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனரால் இறுக்கினேன். மேனுவலில் 1, 2 என்று எண் போட்ட போல்ட்டுகளுக்கு 54 நியூட்டன் மீட்டர், மற்றவற்றுக்கு 40. பெல்ட்டைப் போடாமல், தண்ணீர் மட்டும் நிரப்பி, மறுபடியும் பிரஷர் டெஸ்டரை மாட்டி 15 வரை அடித்தேன். முள் நிற்கவில்லை. நிமிடத்துக்கு ஒரு கோடு வீதம் இறங்கியது.

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. கண்ணாடியை விட்டுப் பார்த்தால் பைபாஸ் ஹோஸ் காய்ந்து கிடக்கிறது. சொட்டுவது ஹீட்டர் குழாயின் அடியில். குழாயை மறுபடி உருவினேன். புதிய ஓ-ரிங் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மகள் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அப்பா, உள்ளே கறுப்பா ஏதோ இருக்கு" என்றாள். பழைய ஓ-ரிங்கில் பாதி உடைந்து பம்ப்பின் துளையிலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. குழாயை உருவியபோது அதன்மேல் ஓ-ரிங் முழுசாக வந்ததா என்று நான் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. மூங்கில் குச்சியின் நுனியால் சுரண்டி எடுத்துவிட்டு, கடையில் இரண்டாக வாங்கி வந்ததில் மிச்சமிருந்த ஓ-ரிங்கைப் போட்டேன். முள் பதினைந்தில் நின்றது. இருபது நிமிடம் சமையலறையில் மோர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அதே பதினைந்து. பெல்ட்டைப் போடுவதற்கு முன்னால் சோதித்ததால் இது அரை மணி வேலையோடு போனது.

அப்புறம் கழுவுகிற வேலை. இது அலுப்பான பகுதி, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பெல்ட்டைப் போட்டோவைப் பார்த்து மாட்டி, வெறும் தண்ணீரில் எஞ்சினை ஓட்டி, ஆறவிட்டு இறக்கி, மறுபடி நிரப்பி, மறுபடி இறக்கி, தெளிவாக வரும் வரை நாலு தடவை. கடைசித் தடவை காய்ச்சி வடித்த நீர். குழாய்த் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு உள்ளே படிந்துகொள்ளும் என்பதால் அதோடு நிறுத்தக் கூடாது.

கூலன்ட் ஊற்றும்போது ஒரு கணக்கு உண்டு. இந்த எஞ்சினும் ரேடியேட்டரும் ஹீட்டரும் சேர்ந்து சுமார் 19 லிட்டர் பிடிக்கும். ரேடியேட்டரைத் திறந்து இறக்கினாலும் எஞ்சின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் பல லிட்டர் வெறும் தண்ணீர் நின்றுவிடும். அதன்மேல் ஏற்கெனவே பாதிக்குப் பாதி கலந்து விற்கிற கூலன்ட்டை ஊற்றினால் மொத்தக் கலவை நீர்த்துப்போகும். அதனால் கலக்காத கூலன்ட்டை வாங்கி, பாதி அளவான ஒன்பதரை லிட்டரை முதலில் ஊற்றிவிட்டு, மீதி இடத்தைக் காய்ச்சி வடித்த நீரால் நிரப்பினேன். இந்த வண்டிக்கு உரிய பழைய பச்சை வகையேதான். வேறு வகையோடு கலக்கவில்லை. பாதிக்குப் பாதி கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் கொதிநிலை 129 டிகிரிக்குப் போகிறது. ஹூஸ்டனில் உறைபனிக்கு ஏன் கவலை என்று கேட்பவர்களுக்கு 2021 பிப்ரவரியைத்தான் சொல்வேன். அந்த வாரக் கடுங்குளிரில் டெக்சாஸின் பல பகுதிகளில் கரண்ட் போனது, வீடுகளில் தண்ணீர்க் குழாய்கள் வெடித்தன, எங்கள் முருங்கை தரைவரை கருகிப்போய்ப் பிறகு வேரிலிருந்து துளிர்த்தது. வெறும் தண்ணீர் ஊற்றிய எஞ்சின் அப்படித் துளிர்க்காது.

ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிட்டோம். ஹூஸ்டன் ஜூலையில் ஹீட்டர். என் மனைவி வாசலில் வந்து நின்று, "ஏங்க, பிள்ளையை வெயில்ல நிறுத்தி வேகவைக்கிறீங்களே" என்றாள். மகள் நகரவில்லை. ரேடியேட்டரின் மேல் ஹோஸில் புறங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் அது குளிர்ந்தே இருந்தது. திடீரென்று, "சூடு வருது, சூடு வருது" என்றாள். தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. அதுவரை தண்ணீர் அந்தக் குட்டி ஹோஸ் வழியாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது என்று சொன்னேன். டேஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது.

மறுநாள் காலை ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்தபோது மட்டம் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. உள்ளே மாட்டியிருந்த காற்று வெளியேறியதால்தான். நிரப்பிவிட்டு, வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்தேன். அடுத்த மூன்று நாளும் காலையில் எழுந்ததும் முதலில் அந்த அட்டையைப் போய்ப் பார்த்தேன். காய்ந்தே இருந்தது. நாலாவது நாள் எரு ஏற்றப் போனோம். வழியில் கழிவு மையத்தில் பழைய கூலன்ட் கேனை இறக்கிவிட்டு, அங்கிருந்து நாற்பது மைல். திரும்பும்போது வண்டி நிறையச் சுமை, வெளியே 38 டிகிரி, ஏ.சி. ஓடிக்கொண்டே இருந்தது. முள் அதே இடத்தில் இருந்தது.